கித்தாருக்கு ஏற்ற மேற்பூச்சு

மாலை வேளையில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் நடந்து செல்பவர்களின் காதில் பல வகை இசை வந்து விழும். பூமாலைக் கடைகளிலிருந்து பக்திப் பாடல்கள் ஒலிக்கும். 1981-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கலைக்கூடத்தில் மாணவர்கள் மரபிசையும் நடனமும் பயில்வார்கள். அதே வட்டாரத்து அடுக்குமாடி வீடு ஒன்றில் யாரோ ஒருவர் மின்கித்தாரை மீட்டிக்கொண்டிருக்கலாம். மின்கித்தார் நம் நாட்டுக்குப் புதியதன்று. 1960-களில் ‘கூகிரான்’ எனப்பட்ட கித்தார் இசைக்குழுக்கள் மலேசியா எங்கும் தோன்றின. பினாங்கில் உருவான அல்லிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் அனைத்து இன மக்களின் அன்பையும் பெற்ற பாடகர்கள் ஆவர்.

அக்காலத்திலும் அதன் பின்னரும் வாங்கப்பட்ட கித்தார்கள் பல, இன்று வீட்டுப் பண்டக அறைகளில் தூசி படிந்து கிடக்கின்றன. அப்பாவோ தாத்தாவோ வாசித்த கருவியை வெளியே எடுக்கும் இளையோருக்கு முதலில் கண்ணில் படுவது, உரிந்து போன சாயமும் மங்கிய மெருகும்தான். உடனே ஒரு ஸ்ப்ரே டின் வாங்கிப் பூசிவிடலாம் என்ற ஆசை எழும். அந்த ஆசை நல்லதுதான். ஆனால், தவறான பூச்சு சுருங்கும், வெளுக்கும், உரியும். அதைவிட, மீண்டும் பெற முடியாத ஒரு பழைய கருவியின் மதிப்பையும் கெடுத்துவிடும். எனவே, சாயத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் சில கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

பூசத்தான் வேண்டுமா?

முதல் கேள்வி, எந்தச் சாயம் என்பதன்று. சாயம் தேவையா என்பதே. பெயர் பெற்ற தொழிற்சாலைகளில் பல ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட கித்தார்களைச் சேகரிப்பவர்கள், அவற்றின் முதற்பூச்சைப் பெரிதும் மதிப்பார்கள். கீறலும் உரிவும் இருந்தாலும் பழைய பூச்சோடு உள்ள கருவிக்கே விலை அதிகம். புதுச் சாயம் பூசப்பட்டால் அந்த விலை வெகுவாகக் குறையும். ஆகவே, பழைய கருவி ஒன்றைக் கண்டெடுத்தவர், அதன் பெயரையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு, கித்தார் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டிய பின்னரே மணல்தாளைக் கையில் எடுக்க வேண்டும். மாறாக, சாதாரணமாகக் கடையில் வாங்கிய கருவியாக இருந்தால், அது கைவேலை பழகுவதற்கு ஏற்றது.

மேற்பூச்சு என்ன செய்கிறது?

வீணை, வயலின் போன்ற கருவிகளில் மரப்பலகையே அதிர்ந்து ஒலியைப் பெருக்குகிறது. அத்தகைய கருவியின் மீது தடித்த பூச்சுப் பூசினால், பலகையின் அசைவு தடைபடும். எனவே, அவற்றிற்கு மெல்லிய பூச்சே ஏற்றது. மின்கித்தாரின் நிலை வேறு. அதன் உடல் பெரும்பாலும் கெட்டியான மரக்கட்டை. கம்பிகளுக்கு அடியில் ‘பிக்கப்’ எனப்படும் காந்தமும் கம்பிச்சுருளும் உள்ளன. உலோகக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதை இசையாக மாற்றுகிறது. ஆகவே, மேற்பூச்சால் மின்கித்தாரின் ஒலியில் ஏற்படும் மாற்றம் மிகச் சிறிது.

அப்படியானால் மேற்பூச்சு எதற்கு? வியர்வையும் ஈரமும் மரத்துக்குள் புகாமல் தடுப்பது அதன் முதற்பணி. உரசலையும் இடிபடுதலையும் தாங்குவது இரண்டாம் பணி. கண்ணுக்கு அழகும் கைக்கு இதமும் தருவது மூன்றாம் பணி. இம்மூன்றையும் மனத்தில் கொண்டே தேர்வு செய்ய வேண்டும்.

காரிலிருந்து கித்தாருக்கு

மின்கித்தாரின் மின்னும் நிறங்களுக்குப் பின்னால் சுவையான வரலாறு ஒன்று உண்டு. 1920-களுக்கு முன்பு ஒரு காருக்குச் சாயம் பூசி உலர்த்துவதற்கு வாரக்கணக்கில் ஆனது. பஞ்சு போன்ற தாவர இழைகளை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரியச் செய்து பெறப்படும் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளைக் கொண்டு, விரைவில் உலரும் சாயத்தை அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் உருவாக்கியது. அது கார்த் தொழிலின் வேகத்தையே மாற்றியது. நைட்ரோசெல்லுலோஸ் சாயம் மரச்சாமான்களுக்கும் இசைக்கருவிகளுக்கும் பரவியது.

கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் நிறுவிய தொழிற்சாலை, 1954-ஆம் ஆண்டில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் கித்தாரை வெளியிட்டது. வாடிக்கையாளர்கள் புதிய நிறங்களைக் கேட்டபோது, அந்நிறுவனம் கார்களுக்கான சாயங்களையே பயன்படுத்தியது. ஃபோர்ட் காரின் சிவப்பும் கெடிலாக் காரின் நீலமும் கித்தார்களின் மேல் ஏறின. 1960-களின் இறுதியில் தடித்த, கடினமான பாலியஸ்டர் பூச்சு பரவலாயிற்று. இன்று விற்கப்படும் மலிவு விலைக் கித்தார்கள் பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது பாலியூரித்தேன் பூச்சு கொண்டவையே.

தொழிற்சாலை தந்த நிறத்தோடு மனநிறைவு அடையாதவர்களும் இருந்தார்கள். பீட்டல்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன், தம் வெளிர்நீல ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மேல் 1967-இல் ஒளிரும் சாயங்களைத் தம் கையாலேயே தீட்டினார். கித்தாரின் தலைப்பகுதிக்கு அவர் பயன்படுத்தியது, தம் மனைவியின் பச்சைநிற நகப்பூச்சு. இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், நகப்பூச்சின் அடிப்படைப் பொருளும் நைட்ரோசெல்லுலோஸ்தான். அந்த நகப்பூச்சும் பழைய கித்தார்களின் மெருகும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

மேற்பூச்சின் வகைகள்

கடைகளில் கிடைக்கும் மேற்பூச்சுகளை, அவை உலரும் முறையைக் கொண்டு எளிதாகப் பிரித்தறியலாம்.

முதல் வகை, கரைப்பான் ஆவியாகிப் போவதால் உலர்பவை. நைட்ரோசெல்லுலோஸ், அக்ரிலிக் லேக்கர், அரக்கு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் புதிய அடுக்கு பழைய அடுக்கைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். எனவே, பின்னாளில் கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் மட்டும் பூசிச் சரிசெய்யலாம். நைட்ரோசெல்லுலோஸ் மெல்லியதாகப் படியும். கைக்கு இதமாக இருக்கும். ஆனால், நாளடைவில் மஞ்சள் நிறமடையும். வெப்பநிலை திடீரென மாறினால் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். சில வகை ரப்பர்த் தாங்கிகளில் நெடுநாள் வைத்தால் இளகி ஒட்டிக்கொள்ளும். கார், மோட்டார் சைக்கிள் சாயம் விற்கும் கடைகளில் ஸ்ப்ரே டின்களில் அடைத்து விற்கப்படும் அக்ரிலிக் சாயம் மலிவானது, அவ்வளவாக மஞ்சளாவதில்லை, முதன்முதலாக முயல்பவர்களுக்கு ஏற்றது.

இவ்வகையில் அரக்கு மிகப் பழமையானது. இலந்தை, புரசு முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினே அரக்கு. அதைத் தூய்மையாக்கி மெல்லிய செதில்களாக்கினால் அவலரக்கு கிடைக்கும். அதைச் சாராயத்தில் கரைத்து மரச்சாமான்களுக்குப் பூசுவது தச்சர்களின் நெடுநாளைய வழக்கம். ‘லேக்கர்’ என்ற சொல்லே அரக்கைக் குறிக்கும் ‘லாக்‌ஷா’ என்ற வடசொல்லிலிருந்து பிறந்தது. அரக்கு அழகிய பொன்னிறம் தரும். எனினும், வியர்வையையும் ஈரத்தையும் நன்கு தாங்காது. நாள்தோறும் வாசிக்கும் மின்கித்தாருக்கு அதை மேல்மெருகாகப் பூசுவதைவிட, மரத்தை மூடும் அடிப்பூச்சாகப் பயன்படுத்துவதே சிறந்தது.

இரண்டாம் வகை, வேதிவினையால் இறுகுபவை. சாயத்தோடு கடினமாக்கியைக் கலந்து பூசும் பாலியூரித்தேன், பாலியஸ்டர் ஆகியவை இவ்வகையின. இறுகிய பின் இவை மீண்டும் கரையா, கடினமானவை, பளபளப்பு நீடிக்கும். ஆனால், கீறல் விழுந்த இடத்தை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் சரிசெய்வது கடினம். மேலும், இருகலவைப் பாலியூரித்தேனின் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்னும் பொருள் உள்ளது. அதைச் சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரக்கூடும். இதனை வீட்டில் பூசவே கூடாது. தனி அறையும் தூய காற்று செலுத்தும் முகக்கவசமும் உள்ள கார்ச் சாயப் பட்டறையில் கொடுத்துப் பூசுவதே முறையாகும்.

மூன்றாம் வகை, எண்ணெய்ப் பூச்சு. துங் எண்ணெய், ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றைத் துணியால் தேய்த்து, மிகுதியைத் துடைத்தெடுத்தால் போதும். இவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகும். தெளிப்புக் கருவி தேவையில்லை. மரத்தின் இயல்பான வரிகள் எடுப்பாகத் தெரியும். பாதுகாப்பு குறைவு என்பதும், அவ்வப்போது மீண்டும் தேய்க்க வேண்டும் என்பதும் இதன் குறைகள்.

இவற்றைத் தவிர, நீர் கலந்த மேற்பூச்சுகளும் உண்டு. இவற்றில் வாடை குறைவு. தீப்பற்றும் அச்சமும் குறைவு. ஆனால், ஈரக்காற்றில் மெதுவாகவே உலரும்.

நம் வானிலைக்கு எது பொருந்தும்?

அமெரிக்காவின் வறண்ட பகுதியில் சிறப்பாக அமையும் பூச்சு, கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அப்படியே அமையும் என்று கருத முடியாது. இங்குக் காலை நேரத்தில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டும். நண்பகலில் வெயில் ஏற ஏற அது குறையும். பிற்பகலிலோ இடியுடன் கூடிய மழை வந்துவிடும். குறிப்பாக, பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இது வழக்கம்.

ஈரப்பதம் லேக்கரை எவ்வாறு பாதிக்கிறது? நீராடி முடித்து ஈர உடலோடு காற்றில் நிற்பவருக்குக் குளிர்கிறது. நீர் ஆவியாகும்போது உடலின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதே அதற்குக் காரணம். லேக்கரின் கரைப்பான் விரைந்து ஆவியாகும்போதும் பூசிய பரப்பு அவ்வாறே குளிர்கிறது. குளிர்ந்த நீர் நிரம்பிய குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் படிவதுபோல, காற்றிலுள்ள ஈரம் அப்பரப்பில் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. பளபளக்க வேண்டிய கருநிறக் கித்தார், பால் தெளித்தாற்போல் வெளுத்துவிடுகிறது.

இதைத் தவிர்க்க வழிகள் உள்ளன. மழை அறிகுறி இல்லாத நாளில், காலை பத்து மணிக்கு மேல் பூசத் தொடங்கி நண்பகலுக்குள் முடிக்கலாம். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசாமல், மெல்லிய அடுக்குகளாகப் பூசலாம். மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலக்கலாம். பூச்சு ஏற்கெனவே வெளுத்திருந்தால், வறண்ட வேளையில் அதே தின்னரை மிக மெல்லியதாகத் தெளித்தால் பெரும்பாலும் வெண்மை மறையும்.

மரமும் பழைய பூச்சும்

மஹோகனி, ஆஷ் போன்ற மரங்களில் நுண்துளைகள் பெரியவை. நம் நாட்டு மெராந்தியும் அத்தகையதே. இவற்றின் மேல் நேராகச் சாயம் பூசினால், சாயம் துளைகளுக்குள் இறங்கிப் பரப்பு மேடுபள்ளமாகத் தெரியும். ஆகவே, துளைகளை நிரப்பும் பசையை முதலில் தேய்க்க வேண்டும். ஆல்டர், மேப்பிள், பாஸ்வுட் ஆகியவற்றில் துளைகள் நுண்ணியவை. அவற்றிற்கு அடிப்பூச்சே போதும். அழகிய வரிகள் உள்ள மரத்திற்கு ஒளி புகும் பூச்சும், ஒட்டுப்போட்ட அல்லது கறை படிந்த மரத்திற்கு ஒளி புகா நிறமும் பொருந்தும்.

பழைய பூச்சு எவ்வகை என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. கித்தாரின் கழுத்து பொருந்தும் குழிவு போன்ற மறைவான இடத்தில், அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் தொட்டு வைக்க வேண்டும். பூச்சு இளகி ஒட்டினால் அது லேக்கர் வகை. மாற்றம் எதுவும் இல்லையென்றால் அது பாலியஸ்டர் அல்லது பாலியூரித்தேனாக இருக்கலாம். அசிட்டோன் நெகிழிப் பாகங்களைக் கரைத்துவிடும் என்பதால் அவற்றில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாலியஸ்டர் பூச்சை முழுவதும் சுரண்டி எடுக்கப் பலர் நாள்கணக்கில் போராடுவார்கள். அது பெரும்பாலும் தேவையற்ற உழைப்பு. பூச்சு மரத்தோடு உறுதியாக ஒட்டியிருந்தால், உடைந்த இடங்களை நிரப்பி, பளபளப்பு மங்கும்வரை மணல்தாளால் தேய்த்து, அதன் மேலேயே புதுச் சாயம் பூசலாம். கடினமான அந்தப் பழைய பூச்சே நல்ல அடித்தளமாகிவிடும்.

படிப்படியான வேலை

முதலில் கித்தாரின் பாகங்களைப் படம் எடுத்துக்கொண்டு கழற்ற வேண்டும். திருகாணிகளைத் தனித்தனிப் பைகளில் இட்டுப் பெயர் எழுதி வைத்தால், திரும்பப் பூட்டும்போது குழப்பம் வராது. கழுத்து பொருந்தும் குழிவை நாடாவால் மூடிவிட வேண்டும். அங்குச் சாயம் படிந்தால் கழுத்து சரியாகப் பொருந்தாது.

பூச்சு நீக்கப்பட்ட மரத்தை 120, 180, 240, 320 என வரிசையாக நுண்மையேறும் மணல்தாள்களால் மரவரியின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். பின்னர் அடிப்பூச்சு, நிறம், நிறமற்ற மெருகு என்ற முறையில் பூச வேண்டும். ஸ்ப்ரே டின்னை இருபது முதல் முப்பது சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து, கையை நிறுத்தாமல் ஒரே சீராக நகர்த்த வேண்டும். இவ்வடுக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதை முதலில் ஒரு துண்டு மரத்தில் பூசிப் பார்ப்பது அறிவுடைமை. எனாமல் சாயத்தின் மேல் லேக்கரைத் தெளித்தால், அடியிலுள்ள சாயம் சுருங்கிக் கிழங்குத் தோல்போல் ஆகிவிடும்.

கடைசியாகச் செய்ய வேண்டியதே மிகக் கடினமான வேலை. அதுதான் காத்திருத்தல். தொட்டால் உலர்ந்ததுபோல் தெரியும் லேக்கரின் உள்ளே கரைப்பான் இன்னும் இருக்கும். அது முழுவதும் வெளியேறச் சில வாரங்கள் ஆகும். மூக்கருகே வைத்து முகர்ந்தால் வாடை வரும்வரை மெருகேற்றத் தொடங்கக்கூடாது. வாடை நீங்கிய பின், நீரில் நனைத்த 1000, 1500, 2000 எண் மணல்தாள்களால் மெல்லத் தேய்த்து, மெருகுப் பசையால் துடைத்தால் கண்ணாடிபோல் மின்னும்.

உயிரினும் பெரிதன்று

மகாபாரதத்தில் பாண்டவர்களைக் கொல்லக் கௌரவர்கள் கட்டியது அரக்கு மாளிகை. எளிதில் தீப்பற்றும் என்பதாலேயே அரக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். அக்கதை தரும் எச்சரிக்கை இன்றைய சாயங்களுக்கும் பொருந்தும். லேக்கர், தின்னர், சாராயம் ஆகியவற்றின் ஆவி தரையோடு பரவித் தொலைவிலுள்ள சுடரிலும் பற்றக்கூடும். எனவே, சாமி விளக்கோ ஊதுவத்தியோ அடுப்போ எரியும் வீட்டுக்குள் சாயம் தெளிக்கவே கூடாது. அடுக்குமாடியின் பொது நடைபாதையும் அதற்கு ஏற்ற இடமன்று. காற்றோட்டமான திறந்தவெளியில், பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும்.

துணி முகக்கவசம் தூசியைக் கூடச் சரிவரத் தடுக்காது. வேதி ஆவியை வடிகட்டும் உருளைகள் பொருத்திய முகக்கவசமே தேவை. மிகப் பழைய சாயத்தில் ஈயம் கலந்திருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி பறக்கவிடக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால், அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். அதை விரித்து வெளியில் உலர்த்த வேண்டும். மீந்த தின்னரைச் சாக்கடையில் ஊற்றுவதும் தவறு. பிரிக்பீல்ட்ஸ் அருகே ஓடும் கிள்ளான் ஆறுதான் கிள்ளான் நகரைக் கடந்து கடலில் கலக்கிறது. இங்கு ஊற்றப்படும் நஞ்சு அங்குள்ளவர்களையும் சென்றடையும்.

பதறாத காரியம்

குவீன் இசைக்குழுவின் பிரையன் மே, 1963-ஆம் ஆண்டில் பதினாறு வயது மாணவர். கடையில் விற்கும் மின்கித்தாரை வாங்க வசதி இல்லாததால், தம் தந்தையோடு சேர்ந்து ஒன்றைச் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் சட்டத்திலிருந்து எடுத்த மஹோகனி, கித்தாரின் கழுத்தானது. பழைய மேசையின் ஓக் மரம் உடலுக்குப் பயன்பட்டது. வேலை முடிய ஏறத்தாழ ஈராண்டுகள் ஆயின. அவர் உலகப் புகழ் பெற்றபோதும் அந்தக் கித்தாரையே வாசித்தார். பிற்காலத்தில் வானியற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

‘பதறாத காரியம் சிதறாது’ என்பார்கள். கித்தாருக்குச் சாயம் பூசுவதும் அத்தகைய காரியமே. புகழ் பெற்ற இசைக்கலைஞரின் கித்தாரில் எந்தப் பூச்சு இருக்கிறது என்று பார்த்து மயங்குவதைவிட, தன் கையிலுள்ள மரம் எது, பழைய பூச்சு எது, தன் ஊரின் வானிலை எப்படி, தன்னால் எதைப் பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்று பார்ப்பவரே சரியான பூச்சைத் தேர்ந்தெடுப்பார். அவ்வாறு தேர்ந்து, பொறுமையோடு பூசப்பட்ட கருவியில் தாத்தாவின் இசையும் பேரனின் உழைப்பும் ஒன்றுசேரும்.